லிசேக்கு 200 வயசுங்கறதுக்காக மூத்தவள மாத்திடாதீங்க அக்கா

அக்கா, உங்க மெசேஜ் படிச்சேன். மூத்தவ சிபிஎஸ்இல 8வது, சின்னவனுக்கு மூணு வயசு ஆகப்போகுது, ரெண்டு பேரையும் புதுச்சேரியில இருக்கற பிரெஞ்சு ஸ்கூலான லிசேல போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க, 200 வருஷப் பழைய பிரைவேட் ஸ்கூலு சும்மாவான்னு வீட்டுக்காரர் வேற சொல்றாராம். சின்னவன தாராளமா போடுங்க. மூத்தவ விஷயத்துல நான் வேணாம்னுதான் சொல்வேன்.

மொதல்ல அது பிரைவேட் ஸ்கூல் இல்ல. ஃபீஸ் கட்றதால நம்மாளுங்க அப்படி நினைச்சுக்கறாங்க. வெளிநாட்டுல இருக்கற பிரெஞ்சு ஸ்கூல்ல நிறைய பிரைவேட்தான், பெத்தவங்க சங்கமோ ஏதாவது டிரஸ்டோ நடத்தும், பிரெஞ்சு அரசு அங்கீகாரம் குடுக்கும். புதுச்சேரி லிசே அந்த வகையில வராது, 1990ல பிரான்ஸ் ஆரம்பிச்ச ஏஇஎஃப்இ-ங்கற அரசு ஏஜென்சி நேரடியா நடத்துது. அதாவது பாரிஸ்ல ஒரு அரசு ஸ்கூல்ல என்ன நடக்குதோ அதுதான் லிசே இருக்கற சிமோனல் வீதியிலயும் நடக்குது.

இது ஏன் இப்படின்னா, அது பொறந்த விதம் அப்படி. 1826ல கவர்னரா இருந்த தெபாசின் தெ ரிஷ்மோன் அதை ராயல் காலேஜா ஆரம்பிச்சார். நம்ம ரோமன் ரோலண்ட் லைப்ரரி கூட அவர் காலத்துல 1827ல வந்ததுதான். ஆனா காலேஜ் ஆரம்பத்துல ஐரோப்பியக் குடும்பங்களுக்கும் அவங்க வழி வந்தவங்களுக்கும்தான், தமிழ்ப் பிள்ளைங்களுக்கு வேற பள்ளிக்கூடம். பின்னாடி 1877ல கலவை சுப்பராய செட்டியார் நம்ம பிள்ளைங்களுக்காக ஒரு காலேஜ் கட்டினார், பாரதிதாசன் படிச்ச அந்த கலவை காலேஜ்தான். ஊருக்கு எது பெருமைன்னு என்னைக் கேட்டா நான் கலவை காலேஜைத்தான் சொல்வேன், அது கிடக்கட்டும்.

உங்களுக்கு முக்கியமானது 1954. நவம்பர் 1ம் தேதி ஊரு இந்தியா கைக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின மாசம் போட்ட ஒப்பந்தத்துலயே இந்த ஸ்கூலப் பத்தி தனியா எழுதிட்டாங்க, இருக்கற கட்டடத்துலயே பிரெஞ்சு ஸ்கூலா இருக்கும், வாத்தியாருங்க, சம்பளம், பாடத்திட்டம், பரீட்சை எல்லாம் பிரான்ஸ் பொறுப்புன்னு. அப்புறம் 1962ல சட்டப்படி முழுசா இணைஞ்சப்ப எந்த நேஷனாலிட்டி வேணும்னு ஜனங்க ஆறு மாசத்துக்குள்ள முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு, உங்க மாமனார் மாதிரி சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) குடும்பங்கள்ல பலர் பிரெஞ்சு எடுத்தாங்க. அவங்க பிள்ளைங்க பிரான்ஸ் போனாலும் படிப்பு அறுபடாம இருக்கணும்ங்கறதுக்கு இந்த ஸ்கூல் வசதியாப் போச்சு. நல்லா பிரெஞ்சு சொல்லித்தர்ற இங்கிலீஷ் மீடியம் மாதிரி நினைச்சு உள்ள போனா மாட்டிக்குவீங்க, கணக்கு சயின்ஸ் ஹிஸ்டரின்னு எல்லாமே பிரெஞ்சுலதான் ஓடும்.

இப்ப மூத்தவளுக்கு வருவோம். அடுத்த வருஷம் சேர்ந்தான்னா துருவாசியேம், அதாவது நம்ம 9வது, அந்த வருஷக் கடைசியிலயே பிரெவேங்கற பொதுப் பரீட்சை. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு புருமியேர்ல (நம்ம 11வது) நாலு மணி நேரம் பிரெஞ்சு இலக்கியம் எழுதணும், தனியா வாய்மொழித் தேர்வும் உண்டு. கடைசி வருஷமான தெர்மினால்ல ஃபிலாசஃபி, அதுவும் நாலு மணி நேரம், பிரெஞ்சுலயே கட்டுரை. மார்க்கு 20க்கு போடுவாங்க, 10 வந்தா பாஸ், 16 வந்தாலே த்ரே பியாங், ரொம்ப நல்ல மார்க்கு. இப்ப 95 பர்சென்ட் வாங்கற புள்ள 20க்கு 8ன்னு ரிப்போர்ட் கார்டு கொண்டாந்தா வீட்ல யாரு தாங்குவீங்க? போதாததுக்கு வேற போர்டுல இருந்து வர்றதால என்ட்ரன்ஸ் டெஸ்ட் வேற உண்டு. வாரத்துக்கு ரெண்டு கிளாஸ் பிரெஞ்சு படிச்சவளுக்கு இது கஷ்டம் அக்கா, புத்தி இல்லாம இல்ல, வயசு தாண்டிப் போச்சு.

அவளுக்கு பிரான்ஸ் கதவு மூடிடல. சிபிஎஸ்இலயே +2 முடிக்கட்டும், கூடவே பிரெஞ்சு சொல்லித்தர்ற அலியான்ஸ்ல சேர்த்து டெல்ஃப்ங்கற பிரெஞ்சு மொழித் தேர்வுல பி2 லெவல் வரைக்கும் கொண்டுவாங்க, நாலு வருஷம் தாராளமா இருக்கு. அப்பா வழியில பிரெஞ்சு நேஷனாலிட்டி பதிவாகிட்டா பிரான்ஸ்ல காலேஜ் அட்மிஷனுக்கான பார்க்கூர்சூப் வெப்சைட்லயே அப்ளை பண்ணலாம், அங்க அரசு யுனிவர்சிட்டியில லிசான்ஸ் (டிகிரி) ஃபீஸ் வருஷத்துக்கு 200 யூரோவுக்குள்ளதான், தங்கற செலவுதான் பெருசு. நடுவுல நீட் எழுதறேன்னு மனசு மாறினாலும் பிரச்சனை இல்ல.

சின்னவன் கதை வேற. அந்த வருஷம் டிசம்பருக்குள்ள மூணு முடிஞ்சா லிசேயோட முதல் மழலையர் வகுப்பான பெத்தித் செக்சியோன்ல சேர்க்கலாம், அந்த வயசுல பிரெஞ்சு தானா ஒட்டிக்கும், நீங்க வீட்ல தமிழ்ல பேசினாப் போதும், தயவுசெஞ்சு அரைகுறை பிரெஞ்சுல பேசி அவனைக் குழப்பாதீங்க. அவன் பெருசானதும் இந்தியாவுலயே டாக்டருக்குப் படிக்கணும்னா கடைசி வருஷத்துல பிசிக்ஸ்-கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் ஸ்பெஷாலிட்டியா வச்சிருக்கணும், இன்ஜினியரிங்னா பயாலஜிக்கு பதிலா மேத்ஸ், அதை புருமியேர்ல பாடம் எடுக்கும்போதே யோசிக்கணும். லிசேல இருந்து அவனை மாத்த நினைச்சா பத்தாவதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, பாதியில விட்டா ரெண்டு பக்கமும் கஷ்டம்.

ஃபீஸுக்கு பயப்படாதீங்க. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பிள்ளைங்களுக்கு பூர்ஸ்ங்கற ஸ்காலர்ஷிப் உண்டு, குடும்ப வருமானம் சொத்தெல்லாம் பாத்து முழுசாவோ பாதியாவோ குடுப்பாங்க. ஆனா பிள்ளை பேரு கான்சுலேட்ல பதிவாகியிருக்கணும். நீங்க எழுதினதப் பாத்தா ரெண்டு பேரோட பொறப்பையும் பிரெஞ்சு ரிஜிஸ்டர்ல ஏத்தவே இல்ல போல. ஸ்கூல் ஃபார்ம் வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரரை அந்த வேலையப் பாக்கச் சொல்லுங்க, உங்க கல்யாணம் பதிவாகியிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, அதுலதான் பாதிப் பேருக்கு மாசக்கணக்கா இழுக்குது.