ஹோட்டன்: ஐந்து மீட்டர் பனி விழும் ஊருக்கு மகளை அனுப்பும்முன்

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஊர் பெயர் ஹோட்டன். ஆண்டுக்கு ஐந்து மீட்டர் பனி கொட்டும் என்கிறார்கள். மூடிப்போன தாமிரச் சுரங்கங்களின் ஊர் என்றும் படித்தோம். கோவையைத் தாண்டி எங்கும் தங்கியிராத பெண். ஊர் எப்படிப்பட்டது? வீடு எங்கே பார்ப்பது? இங்கிருந்து என்ன வாங்கி அனுப்புவது? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐந்து மீட்டர் என்பது உண்மைதான். ஆனால் அது நாள்தோறும் விழுந்த பனியை அளந்து, பருவம் முழுவதற்கும் கூட்டிய கணக்கு. விழுந்த பனி தன் எடையிலேயே அமுங்கிக்கொண்டே இருக்கும். நடுக்குளிர்காலத்தில் தரையில் கிடப்பது பெரும்பாலும் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரைதான். வீடு புதைந்துவிடாது, வகுப்பும் நிற்காது. பனிக்காகப் பல்கலைக்கழகம் மூடுவது அபூர்வம். விடியும்முன்பே சாலையைச் சுத்தம் செய்யும் வண்டிகள் கிளம்பிவிடும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஐந்து சென்டிமீட்டர் பனிக்கே ஊர் முடங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஹோட்டனில் முப்பது சென்டிமீட்டர் விழுந்தாலும் அது இன்னொரு நாள், அவ்வளவுதான்.

இவ்வளவு பனி ஏன் என்று புரிந்துகொண்டால், மற்ற முடிவுகளையெல்லாம் நீங்களே எடுத்துவிடலாம். வரைபடத்தில் சுப்பீரியர் ஏரியின் தென்கரையிலிருந்து கொம்புபோல வடகிழக்கே நீண்டு வளையும் நிலத்தைப் பாருங்கள். அதுதான் கீவினா தீபகற்பம். அதன் நடுவில் ஹோட்டன். சுப்பீரியர் ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 406 மீட்டர். இத்தனை நீர் கோடையில் வாங்கிய சூட்டை அவ்வளவு சீக்கிரம் விடாது. நவம்பரில் கனடாப் பக்கமிருந்து உறைகுளிர்க் காற்று கிளம்பும்போது ஏரி அதைவிடச் சூடாக இருக்கும். ஏரி மட்டத்துக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையே சுமார் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்துவிட்டால் போதும். அடிக்காற்று சூடேறி, ஈரத்தை வாரிக்கொண்டு மேலே எழும். மேலே போனதும் உறைந்து மேகமாகும். அந்த மேகம் கீவினாவின் முதுகெலும்புபோல் ஓடும் மேட்டில் ஏறும்போது இன்னும் குளிர்ந்து, சுமந்து வந்ததையெல்லாம் கொட்டிவிடும். 'லேக் எஃபெக்ட்' பனி என்பது இதுதான்.

இதனால் சில விநோதங்கள் உண்டு. புயல் எதுவும் இல்லாத நாளிலும், வெறும் மேற்குக் காற்றுக்கே பனி நாள் முழுக்கத் தூவிக்கொண்டிருக்கும். பத்து கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். மேட்டில் ஏற ஏறப் பனி கூடும். 1978–79 குளிர்காலத்தில் ஹோட்டனுக்கு வடக்கே உள்ள கீவினா கவுன்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 390.4 அங்குலம் பதிவானது. ஏறக்குறைய பத்து மீட்டர். அந்த எண்ணைக் காட்டும் உயரமான அளவுப்பலகை 41ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் இன்றும் நிற்கிறது. ஜனவரி கடைசியில் கரையோரம் உறையத் தொடங்கினால் பனி கொஞ்சம் குறையும். ஏரி முழுவதும் உறைவது அரிது.

அதே ஏரிதான் கடுங்குளிரையும் தடுக்கிறது. ஜனவரியில் பகலில் மைனஸ் 6, இரவில் மைனஸ் 13 டிகிரி என்பது சாதாரணம். ஏரியிலிருந்து விலகி இருக்கும் மினசோட்டாவின் உள்பகுதிகளில் இதைவிட மோசம். காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 26 போல. மூடாத காது, மூக்கு நுனி, விரல் எல்லாம் மரத்துப்போகும். மரத்த இடம் வெளுத்துக் கெட்டிப்பட்டால் தேய்க்கக் கூடாது. உடனே உள்ளே போய், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும்.

துணிமணி விஷயத்தில் எங்கள் யோசனை: கோவையில் தடிமனான ஜாக்கெட் வாங்காதீர்கள். மலைவாசஸ்தலத்துக்கென்று விற்கும் உடுப்பு அங்கே அக்டோபரைத் தாண்டாது. இங்கிருந்து இரண்டு செட் தெர்மல் உள்ளாடை, ஒரு ஃப்ளீஸ் (மென்மையான செயற்கை நூல் மேலுடை) போதும். பருத்தி உள்ளாடை மேல் நேராகக் கோட்டு போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பருத்தி வியர்வையைப் பிடித்துக்கொள்ளும், ஈரத் துணி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தோலை ஒட்டிச் செயற்கை நூல் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே இடுப்புக்குக் கீழ்வரை மூடும், தொப்பி வைத்த, காற்றுப் புகாத கோட்டு என்று மூன்று அடுக்கு. கோட்டையும் பூட்ஸையும் அங்கே போய்ச் செப்டம்பரில் வாங்கட்டும். ஹோட்டனிலும் கால்வாயின் எதிர்க்கரை ஊரான ஹான்காக்கிலும் செகண்ட் ஹேண்ட் கடைகளில் நல்ல கோட்டு குறைந்த விலைக்குக் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் புதிதாக இருக்கட்டும். தடிக் கம்பளிச் சாக்ஸ் போட்டபின் விரல்களை அசைக்க இடம் வேண்டும் என்பதால் அரை சைஸ் பெரிது. இறுக்கமான பூட்ஸில் ரத்த ஓட்டம் குறைந்து, எத்தனை விலை கொடுத்திருந்தாலும் கால் சில்லிட்டுப்போகும். அடியில் மாட்டும் ரப்பர்–இரும்பு 'கிளீட்ஸ்' ஒரு ஜோடி அவசியம். ஊர் ஒரு செங்குத்துச் சரிவில் இருக்கிறது. உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது என்பதால் தெருவில் மணல்தான் தூவுகிறார்கள். புதுப்பனியைவிட மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறைந்த கண்ணாடிப் பனிதான் ஆளை வீழ்த்தும்.

அந்தச் சரிவு போர்ட்டேஜ் கால்வாயில் போய் முடிகிறது. தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டும் நீர்வழி அது. இயற்கையான ஏரியையும் ஆற்றையும் ஆழப்படுத்தி, எஞ்சிய நிலத்தை வெட்டி, 1870களில் கப்பல்கள் முழுவதும் கடக்கும்படி செய்தார்கள். அதனால் ஹான்காக்கும் அதற்கு வடக்கே உள்ள எல்லா ஊர்களும் உண்மையில் ஒரு தீவில் இருக்கின்றன. இணைப்பு ஒரே ஒரு பாலம்: 1959இல் திறந்த, நடுப்பகுதி மேலே தூக்கும் இரட்டைத் தளப் பாலம். கீழ்த்தளத்தில் முன்பு ரயில் ஓடியது. இப்போது குளிர்காலத்தில் ஸ்னோமொபைல்கள் (பனிமேல் ஓடும் சிறு வண்டிகள்) ஓடுகின்றன. வீடு பார்ப்பதில் இதுதான் முதல் கேள்வி. பல்கலைக்கழகம் பாலத்துக்குத் தெற்கே, ஹோட்டன் பக்கம். ஹான்காக்கில் வாடகை குறைவாகத் தெரிந்தால், கார் இல்லாத பெண் ஜனவரி மாலையில் காற்றடிக்கும் பாலத்தை நடந்து கடப்பதையும் கணக்கில் சேருங்கள். முதல் ஆண்டுக்கு வளாகத்திலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் இருக்கும் வீடே சரி. பெரிய மளிகைக் கடைகள் மேற்கே மேட்டில் இருப்பதால், வாரச் சாமானுக்குப் பேருந்தோ தோழியின் காரோ தேவைப்படும்.

வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல, சுரங்கம் கொழித்த காலத்து மரவீடுகள். அழகானவை, ஆனால் குளிரை உள்ளே விடுபவை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் கேட்க வேண்டியவை சில. வெப்பச் செலவு வாடகையில் சேர்ந்ததா? இல்லையென்றால் இயற்கை எரிவாயுவா, சுவரடியில் பொருத்தும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டரா? இந்த வட்டாரத்தில் மின்கட்டணம் அதிகம், ஆகவே மின்சார ஹீட்டர் வீடு குறைந்த வாடகையில் வந்தாலும் பிப்ரவரி பில் அதைத் தின்றுவிடும். வாசல் பனியை அள்ளுவது யார், வீட்டுக்காரரா குடியிருப்பவரா? குளிர்காலத்தில் இரவில் தெருவில் கார் நிறுத்தத் தடை உண்டு என்பதால், கார் வாங்கும் எண்ணம் இருந்தால் நிறுத்த இடம் இருக்கிறதா?

கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டதோடு விடாமல் நேரில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய எரிவாயு ஹீட்டர்களின் புகைக்குழாய் கூரைக்குப் போகாமல் பக்கச் சுவரில், தரையிலிருந்து சிறிது உயரத்தில் வெளியே வரும். கூரையிலிருந்து சரிந்த பனியோ காற்று குவித்த பனியோ அந்தக் குழாயை மூடினால் நச்சுப்புகை உள்ளே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரும்பனிக்குப் பிறகு அந்தக் குழாயைச் சுற்றி ஒரு முழம் அள்ளிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பனியில் சிக்கிய காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்வதும் இதே ஆபத்துதான். முதலில் பின்பக்கப் புகைக்குழாயைச் சுற்றி அள்ள வேண்டும். டிசம்பர் விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிப் போனால் ஹீட்டரை அணைக்கக் கூடாது. 13 டிகிரிக்குக் கீழே இறக்கினாலே வெளிச்சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கலாம். சிங்க்கின் அடியில் உள்ள கதவுகளைத் திறந்து வைத்துப் போகட்டும்.

அடித்தள வீடு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 2018 ஜூன் 17 அதிகாலை சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் மேட்டிலிருந்து நீர் தெருக்களைப் பிளந்துகொண்டு இறங்கியது. சாலைகளும் கீழ்த்தளங்களும் நாசமாயின. ஏப்ரலில் பனி உருகும்போதும் முதலில் ஈரம் ஏறுவது அடித்தளத்தில்தான்.

கைவிடப்பட்ட ஊரா என்ற கவலைக்கு வருவோம். இங்கே பாறையில் கிடைத்தது தாதுக்கல் அல்ல, உலோகமாகவே உள்ள தாமிரம். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி, அதன் குமிழ்த் துளைகளிலும் கூழாங்கல் படிவங்களிலும் பின்னர் தாமிரம் படிந்தது. பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கல் சுத்தியால் அதை வெட்டிக் கருவிகள் செய்தார்கள். மாநில நிலவியலாளர் டக்ளஸ் ஹோட்டன் 1841இல் தந்த அறிக்கையும், பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் இந்த நிலத்தை இழந்த 1842 ஒப்பந்தமும் தாமிர வேட்டையைத் தொடங்கிவைத்தன. அந்த நிலவியலாளர் 1845இல் இதே ஏரியின் புயலில் படகு கவிழ்ந்து இறந்தார். ஊருக்கு அவர் பெயர். இங்கிலாந்தின் கார்ன்வால், ஃபின்லாந்து, இத்தாலி, குரோஷியா என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஹான்காக் மேட்டில் உள்ள குவின்சி சுரங்கம் 1846 முதல் 1945 வரை நடந்தது, சாய்வாக 9,000 அடிக்கும் மேல் இறங்கியது.

1913இல், இருவர் இயக்கிய துளைக்கருவிக்குப் பதில் ஒருவரே இயக்கும் கருவி வந்ததும், நீண்ட வேலை நேரமும் பெரும் வேலைநிறுத்தமாக வெடித்தன. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை கலுமெட் என்ற சுரங்க ஊரில் தொழிலாளர் குடும்பங்களின் விழாவில் யாரோ 'தீ' என்று கத்த, படிக்கட்டில் நெரிந்து 73 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். தீயே இல்லை. இந்த வட்டாரம் இதை இன்னும் மறக்கவில்லை.

1910இல் ஹோட்டன் கவுன்டியில் 88,000 பேர் இருந்தார்கள். இன்று 37,000தான். கலுமெட்டில் பூட்டிய கட்டடங்கள் தெரியும். ஹோட்டன் அப்படி ஆகாததற்குக் காரணம், சுரங்கப் பொறியாளர்களுக்காக 1885இல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய மிச்சிகன் டெக். நகர மக்கள்தொகை எட்டாயிரத்துச் சொச்சம், அதில் பெரும்பங்கு மாணவர்கள். சுரங்கத்தால் மகளுக்கு இருக்கும் ஆபத்து ஒன்றே: நடைபயணம் போகும்போது பழைய கல் குவியல்களுக்கு அருகே வேலி தாண்டக் கூடாது. மூடப்படாத குழிகள் சில இடங்களில் இருக்கக்கூடும்.

பயணத்துக்கு: ஹோட்டன் விமான நிலையம் பாலத்துக்கு வடக்கே, ஏரி மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயர மேட்டில் இருக்கிறது. ஊரில் தூறும்போது அங்கே கொட்டும். சிகாகோவிலிருந்து வரும் சிறு விமானம் டிசம்பர், ஜனவரியில் ரத்தாவது சகஜம். ஆகவே இந்தியாவிலிருந்து ஹோட்டன்வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ரத்தானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும். தனித்தனியாக எடுத்தால் நட்டம் உங்களுடையது. தரைவழியில் கிரீன் பே சுமார் 340 கிலோமீட்டர். அந்த வழியில் மணி மாறும் என்பதைக் கவனிக்கட்டும். ஹோட்டன் கிழக்கு நேரத்தில் இருக்கிறது, விஸ்கான்சின் ஒரு மணி பின்னால்.

கிழக்கு நேரத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் டிசம்பர் கடைசியில் சூரியன் காலை எட்டரைக்குமேல்தான் வரும், மாலை ஐந்து தாண்டியதும் போய்விடும். இடையிலும் மேகம். பனியைவிட இந்த இருட்டுதான் புது மாணவர்களை அதிகம் சோர்வடையச் செய்கிறது. அக்டோபரிலேயே பகல் வெளிச்சத்துக்கு ஈடாக 10,000 லக்ஸ் (வெளிச்ச அளவு) விளக்கு ஒன்று வாங்கிக் காலையில் அரைமணி நேரம் அதன்முன் உட்காரட்டும். வைட்டமின் டி அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். பனிச்சறுக்கோ, பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூவோ ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரை விரும்பத் தொடங்கிவிடுகிறார்கள். 1922 முதல் நடக்கும் பிப்ரவரிப் பனிவிழாவில் மாணவர்கள் வாரக்கணக்கில் இரவு விழித்துக் கட்டும் பனிச்சிற்பங்களில் மகளும் கை வைக்கட்டும்.

நீங்கள் பார்க்கப் போவதானால் மேயில் வேண்டாம், மண் சேறாக இருக்கும், கடிக்கும் ஈக்கள் ஜூன்வரை தொடரும். ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட்வரை பகலில் 24, 25 டிகிரி, ஜூலையில் இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம். இலைநிறம் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். குவின்சி சுரங்கத்துக்குள் கோடையிலும் ஆறு டிகிரிதான் என்பதால் ஸ்வெட்டர் கைவசம் இருக்கட்டும். ஏரியில் இறங்க ஆசைப்பட்டால் முழங்கால் நீரோடு நிறுத்துங்கள். ஜூலையிலும் அந்தக் குளிர் மூச்சைத் திணறவைக்கும்.