கிழமைப் பெயர்கள் எல்லா மொழியிலும் ஒன்றுபோல இருப்பது எப்படி?

ஞாயிறும் சண்டேயும் சூரியன், திங்களும் மண்டேயும் நிலா. எல்லா மொழியிலும் இப்படியே இருக்கிறதே, யாரைப் பார்த்து யார் வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்த கேள்வி என்று நினைக்கிறேன். "எல்லா மொழியிலும்" என்பது சரியில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கிழமைகளின் வரிசையைப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்ற தடயம் அதில்தான் இருக்கிறது.

ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். வானத்தை மெதுவாகச் சுற்றுவதில் தொடங்கி எழுதுங்கள்: சனி (சுமார் 29½ ஆண்டு), வியாழன் (சுமார் 12 ஆண்டு), செவ்வாய் (687 நாள்), சூரியன் (ஓர் ஆண்டு), வெள்ளி, புதன், நிலா (27 நாளுக்குச் சற்று மேல்). நாளின் 24 மணிக்கும் இதே வரிசையில் ஆளுக்கொரு மணி கொடுங்கள். முதல் மணி யாருக்கோ, நாளும் அவர் பெயரில். சனியில் தொடங்கினால் 8, 15, 22-ஆம் மணிகள் மறுபடி சனிக்கு வரும். 23 வியாழன், 24 செவ்வாய். மறுநாள் முதல் மணி சூரியனுக்கு. ஆக, சனிக்கு அடுத்தது ஞாயிறு. 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. ஒவ்வொரு நாளும் பட்டியலில் மூன்று இடம் தள்ளிப் போய்க்கொண்டே இருங்கள்: திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எல்லாம் தானாக வந்து விழும்.

வெள்ளியும் புதனும் எப்போதும் சூரியனை ஒட்டியே தெரிவதால், அவற்றை எங்கே வைப்பது என்பதில் பழைய கிரேக்கர்களிடம் ஒற்றுமை இல்லை. பிளேட்டோ இரண்டையும் சூரியனுக்கு மேலே வைத்தார். அவர் வரிசையைப் போட்டால் சனிக்கு அடுத்த நாள் புதன் ஆகிவிடும். இரண்டையும் சூரியனுக்குக் கீழே வைத்த பிற்கால வரிசைதான் நம் கிழமைகளுக்குப் பொருந்துகிறது.

60 நாழிகைக் கணக்கில் போட்டால்? மீதி 4, சனிக்குப் பின் வெள்ளி, பிறகு வியாழன் என்று வாரம் பின்னோக்கி ஓடும். பட்டியலையே தலைகீழாக்கி நிலாவில் தொடங்கினால் 60-உம் ஒத்துவருமே என்று யாராவது கேட்கலாம். கணக்குப்படி வரும், மறுக்கவில்லை. ஆனால் ஜோதிடத்தில் இன்றும் பார்க்கும் ஓரை ஒரு நாளுக்கு 24தான், அதன் வரிசையும் மேலே சொன்னதுதான். ஓரை, ஹோரை இரண்டுமே 'ஹோரா' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தவை.

கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பாம்பேயி நகரச் சுவரில் இந்த ஏழு நாள்களும் சனியில் தொடங்கி எழுதப்பட்டிருக்கின்றன. மேலே போட்ட மணிக் கணக்கை ரோம வரலாறு எழுதிய காசியஸ் டியோ 3-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். இந்தியக் கல்வெட்டில் கிழமை முதலில் தெரிவது கி.பி. 484-இல், குப்த அரசர் புதகுப்தரின் ஏரண் (மத்தியப் பிரதேசம்) கல்வெட்டில்: வியாழக்கிழமை. ஆகவே "வெள்ளைக்காரன் கொடுத்தது" என்பதும் தவறு, "நம்மிடமிருந்து திருடிப்போனான்" என்பதும் தவறு. இதைச் சொன்னால் தமிழைத் தாழ்த்துகிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், வெள்ளி நம் சொந்தச் சொற்கள். சிவப்பாய்த் தெரிவது செவ்வாய், வெளேரென்று தெரிவது வெள்ளி. கிரேக்க, ரோமப் பக்கமிருந்து வந்தது அவற்றை நாள்களுக்குச் சூட்டிய முறை மட்டும்.

ஜெர்மானியரும் இதையே செய்தார்கள். ரோமரின் கடவுள்களுக்கு ஈடாகத் தங்கள் கடவுள்களை வைத்தார்கள்: செவ்வாய்க்கு டீவ் (டியூஸ்டே), புதனுக்கு வோடன் (வெட்னஸ்டே), இடி ஏந்திய ஜூபிடருக்கு, அதாவது வியாழனுக்கு, தோர் (தர்ஸ்டே), வீனஸுக்கு, அதாவது வெள்ளிக்கு, ஃப்ரிக் (ஃப்ரைடே). சனிக்கு ஈடு கிடைக்காமல் சாட்டர்ன் அப்படியே நின்றுவிட்டது. ஜப்பானியத்தில் நெருப்பு, நீர், மரம், பொன், மண் நாள்கள் என்று படித்துக் குழம்பாதீர்கள். செவ்வாய் முதல் சனி வரையுள்ள கோள்களின் சீனப் பெயர்கள் அவை, அதே வரிசையில்.

இனி "எல்லா மொழியிலும்" என்ற பேச்சு. எண்ணிப் பெயர் வைத்த மொழிகள் நிறைய: எபிரேயம், அரபு, கிரேக்கம், பாரசீகம், போர்த்துக்கீசியம், ரஷ்யம். மொழிபெயர்ப்பவர்கள் தவறுவது இங்கேதான். போர்த்துக்கீசியம் ஞாயிற்றிலிருந்து எண்ணும், அதில் 'இரண்டாவது' என்றால் திங்கள். ரஷ்யம் திங்களிலிருந்து எண்ணும், அதில் 'இரண்டாவது' செவ்வாய். சுவாகிலி சனியிலிருந்து எண்ணுவதால் 'ஜுமாடானோ', அதாவது ஐந்தாவது, புதன்கிழமை. அடுத்த நாள் 'அல்ஹமிசி'. அது அரபியிலிருந்து வந்த சொல், அதற்கும் ஐந்தாவது என்றுதான் பொருள். ஒரே வாரத்தில் இரண்டு ஐந்தாவது நாள்! ஐஸ்லாந்தியத்தில் ஞாயிறும் திங்களும் மட்டும் பழையபடி இருக்க, செவ்வாய் 'மூன்றாம் நாள்' ஆயிற்று, சனி 'குளிக்கும் நாள்'.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கிழமை என்றாலே எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இது. நாள்காட்டிச் செயலி எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தில் செய்வதுபோல முதல் குறியீட்டை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். தமிழில் அப்படி வெட்டினால் கிடைப்பது ஞ, த, ச, ப, வ, வ, ச. செவ்வாயும் சனியும் ஒன்று, வியாழனும் வெள்ளியும் ஒன்று. உயிர்க்குறியோடு சேர்த்து முழு எழுத்தாக எடுத்தால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச. ஏழும் தனித்தனியாக நிற்கும். தயவுசெய்து இதைத் திருத்துங்கள்.