சமூக வலைத்தளங்கள் வருவதற்கு முன்பு நடிகைகள் நிம்மதியாக இருந்தார்களா?

நீங்கள் செல்போனோடு வளர்ந்த தலைமுறை என்று நினைக்கிறேன். நிம்மதியாவது, ஒன்றாவது! 1930களின் ஷாங்காயைப் பாருங்கள். 1933இல் அங்கே ஒரு நாளிதழ் 'திரை அரசி' யார் என்று வாக்கெடுப்பு நடத்தியது. ஹூ டியே 21,334 வாக்குகளோடு ஜெயித்தார். ருவான் லிங்யூவுக்கு மூன்றாம் இடம். அடுத்த இரண்டு வருடத்தில், ருவானோடு முன்பு சேர்ந்து வாழ்ந்தவர் போட்ட வழக்கை அந்த ஊர்ப் பத்திரிகைகள் மென்று துப்பின. விசாரணைக்கு முந்தைய நாள், 1935 மார்ச் 8 அன்று, ருவான் தற்கொலை செய்துகொண்டார். வயது 24. அதற்குச் சற்று முன்புதான், தற்கொலை செய்துகொண்ட அய் ஸியா என்ற நடிகையின் கதையைத் தழுவிய படத்தில் நடித்திருந்தார். அதில் நிருபர்களை மோசமாகக் காட்டிவிட்டார்களாம். பத்திரிகையாளர் சங்கம் கொதித்தது, ஸ்டூடியோ மன்னிப்புக் கேட்டது.

இவ்வளவு சூடாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ருவானைப் பற்றி ஒரு வார இதழுக்குக் கட்டுரை எழுதினேன். மகனைப் படிக்கவைக்க உடலை விற்கும் தாயாக 1934இல் அவர் நடித்த மௌனப் படத்தைப் பற்றித்தான் பெரும்பகுதி. பள்ளி விழாவில் பையன் பாடும்போது பூரிக்கிற அந்த முகத்துக்காகவே எழுத உட்கார்ந்தேன். அச்சில் வந்தபோது அந்தப் பகுதியே இல்லை. தலைப்பு, 'காதல் வலையில் சிக்கிய சீனச் சிட்டு'. போட்டிருந்த புகைப்படம் ஹூ டியேயுடையது! போன் செய்தால் உதவி ஆசிரியர், "யாருக்கு சார் தெரியப்போகுது, ரெண்டு பேரும் சைனாக்காரம்மாதானே" என்கிறார்.

உடனே 'ரசிகர்களைக் கொலைகாரர்கள் என்கிறான்' என்று கமெண்டில் கிளம்பாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ருவானின் இறுதி ஊர்வலத்தில் ஊரே திரண்டது, அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் வம்புச் செய்தி விற்றதும் அதே ஊரில்தானே? பெரியவர்களிடம் வாலாட்டாத பத்திரிகைக்கு ருவான் போன்ற ஒருத்தியை நசுக்கும் பலம் மட்டும் இருக்கிறது என்று சீன எழுத்தாளர் லூ சுன் அப்போதே எழுதினார். எழுத்தாளர் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

எழுத்தாளர் என்றதும் நினைவுக்கு வருகிறது, அந்தக் கட்டுரைக்குச் சன்மானமும் இன்னும் வரவில்லை. ஆசிரியர் குழுவைக் கேட்டால் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள் என்கிறார்கள். அக்கவுண்ட்ஸில், வவுச்சர் மேலேயிருந்து வரவில்லையாம். மாடியில் இருப்பவர் இறங்கி வர இத்தனை மாதமா?