பிரிட்டிஷ் பத்திரிகையாளர் மார்க் டல்லி பிபிசியில் நிருபராகத்தான் சேர்ந்தாரா?

இல்லை. 1965-இல் டெல்லிக்கு அவர் வந்தது நிர்வாக உதவியாளர் வேலைக்கு, செய்தி சேகரிக்க அல்ல. அதற்கும் முன்னால் பாதிரியாராகப் போகிறேன் என்று இறையியல் கல்லூரியில் சேர்ந்து பாதியிலேயே விட்டவர். பிறந்தது 1935-இல், கல்கத்தாவில். சின்ன வயதில் டிரைவரைப் பார்த்து இந்தியில் எண்ணப் பழகியதற்காக, அது வேலைக்காரர்கள் பாஷை என்று ஆயாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார், பின்னாளில் அவருடைய பலமே அந்த இந்திதான் என்பது வேடிக்கை.

அப்புறம் மெல்ல நிருபராகி, டெல்லி அலுவலகத் தலைவராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். நெருக்கடி நிலையில், 1975-இல், நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்தார். நீலநட்சத்திர நடவடிக்கை (பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது), இந்திரா படுகொலை, போபால் விஷவாயு என்று அவர் செய்தி தந்த எல்லாமே 1984 ஒரே வருடத்தில். அப்போது இங்கே வானொலியும் டிவியும் அரசு கையில், அதனால் உண்மை தெரிய வேண்டுமென்றால் சிற்றலையில் பிபிசியைத் திருப்புவார்கள். அந்த நம்பிக்கைக்கு விலையும் உண்டு, பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் ஆத்திரக் கூட்டம் அவரை ஓர் அறையில் அடைத்து வைத்தது.

1994-இல் ராஜினாமா. காரணம் இந்தியா அல்ல, தன் நிறுவனத் தலைமையோடு மோதல். ஆனாலும் பிரிட்டனுக்குத் திரும்பவில்லை, டெல்லியிலேயே தங்கிவிட்டார்.