வாசகர் கேள்வி பதில்: கொட்டிலுக்குள்ள நிக்கிற பட்டாள ஜீப்

பழைய பட்டாள வாகனங்களைப் பற்றிக் கேளுங்கோ எண்டு போன இதழில எழுதினதுக்கு வன்னியில இருந்து நல்லாக் கேள்வி வந்திருக்கு. ஒரே மாதிரி வந்ததுகளைச் சேத்துப் பதில் சொல்லுறன்.

கேள்வி: எங்கட அப்பப்பா அந்தக்காலம் வவுனியாவில வாங்கின ஜீப் ஒண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால நிக்குது. வெள்ளைக்காரன்ர பட்டாள ஜீப் எண்டுதான் வீட்டில சொல்லுவினம். உண்மையோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? (வாசகர், மாங்குளம்)

ரெண்டாம் உலகப்போர் நேரம் வவுனியாவில பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்தது, அதால வீட்டுக் கதை நடக்கக்கூடிய கதைதான். ஆனா எங்கட ஊரில பழைய ஜீப் எல்லாத்தையும் வில்லிஸ் எண்டுதான் சொல்லுறது, அது போர் நேரம் பட்டாள ஜீப் செய்த அமெரிக்கக் கொம்பனியின்ர பெயர். போருக்குப் பிறகு வில்லிஸ் கொம்பனி சனத்துக்கு வித்த சிஜே ஜீப், 1947க்குப் பிறகு இந்தியாவில மகிந்திரா பூட்டினது, ஜப்பான்ர மிட்சுபிசி, எல்லாம் தூரத்தில நிண்டு பாத்தா ஒண்டுதான். கிட்டப் போய்த்தான் பாக்கோணும்.

முதல் ஸ்டியரிங் எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ. 1941 தொடக்கம் 1945 வரைக்கும் செய்த பட்டாள ஜீப் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங். வலப்பக்கம் இருந்தா ஒண்டில் ஆரோ மாத்தியிருக்கினம், இல்லாட்டி அது பிறகு வந்த ஜீப். அடுத்தது முன் கிறில். பெரும்பாலான பட்டாள ஜீப்பில ஒன்பது நீட்டு ஓட்டை, லைற் ரெண்டும் கிறிலுக்குப் பின்னால உள்ள தள்ளி இருக்கும். சிஜேயில ஏழு ஓட்டை, லைற் பெரிசா வெளிய தள்ளிக்கொண்டு நிக்கும். பின்பக்கம் திறக்கிற கதவு இருந்தா அது சிஜே, பட்டாள ஜீப்பில பின்பக்கம் மூடின தகடு, ஸ்பெயார் சில்லு அதிலதான் தொங்கும். பெற்றோல் ஊத்திற வாய் பட்டாள ஜீப்பில ட்ரைவர் சீற்றுக்குக் கீழ, சீற்றைத் தூக்கித்தான் ஊத்தோணும்.

இதெல்லாம் ஒத்து வந்தா அடுத்த கேள்வி வில்லிஸோ ஃபோர்டோ எண்டது. அந்த ஜீப்பை வில்லிஸ் மட்டும் செய்யேல்லை, அமெரிக்க அரசாங்கம் ஃபோர்டுக்கும் ஓடர் குடுத்தது, ரெண்டு பேரும் சேந்து ஆறு லட்சத்துக்கு மேல செய்தவை. வில்லிஸ் செய்ததுக்குப் பெயர் எம்பி, ஃபோர்டு செய்ததுக்கு ஜிபிடபிள்யூ. முன் பம்பருக்குப் பின்னால, ரேடியேற்றருக்குக் கீழ, சேசியின்ர, அதாவது வண்டியின்ர அடிச்சட்டத்தின்ர, குறுக்குச் சட்டத்தைக் குனிஞ்சு பாருங்கோ, உருண்டைக் குழாய் எண்டா வில்லிஸ், கவிழ்த்து வைச்ச ப வடிவத் தகடு எண்டா ஃபோர்டு. இன்னொண்டு எனக்கு மிச்சம் பிடிச்சது. ஃபோர்டு தான் செய்த சாமான்களில, போல்ட் தலையில கூட, சின்னதா எஃப் எழுத்து அடிச்சிருக்கும். துணியில மண்ணெண்ணெய் நனைச்சு ஒவ்வொரு போல்ட்டாத் துடைச்சுக்கொண்டு போனா, கறளுக்குள்ள இருந்து அந்த வளைஞ்ச எழுத்து மெல்ல மெல்ல வெளிய வரும்.

நம்பர்: வில்லிஸ்ல இடப்பக்கச் சேசிச் சட்டத்தின்ர முன்நுனியில, உள்பக்கம் ஒரு சின்னத் தகடு றிவிற் அடிச்சிருக்கும், அது விழுந்திருக்கவும் கூடும். ஃபோர்டுல அதே இடப்பக்கச் சட்டத்தின்ர மேல்முகத்தில இரும்பிலயே குத்தியிருக்கும். எஞ்சினிலயும் நம்பர் இருக்குது, ஆனா எஞ்சினை நம்பி முடிவு சொல்லாதேங்கோ, கராச்சில ஒண்டைக் கழட்டி இன்னொண்டைப் போட்டு ஓட்டின ஊர் எங்கட ஊர், அந்தச் சண்டைக் காலம் முழுக்க அப்பிடித்தானே வண்டியள் உயிரோட இருந்தது.

இப்ப முக்கியமான விசயம். தயவுசெய்து பெயின்ற்றைச் சுரண்டாதேங்கோ, மணலை வேகமா அடிச்சுச் சுரண்டிற சாண்ட் பிளாஸ்றுக்குக் குடுக்காதேங்கோ. அடிச்சா நம்பரும் போகும், எழுத்தும் போகும், மேல இருக்கிற பெயின்ற் அடுக்கு எல்லாம் ஒரு மணித்தியாலத்தில போய்விடும். அந்த அடுக்குகளிலதான் வண்டியின்ர வரலாறு இருக்கு. பொனற்றில ஒரு ரெண்டு ரூபாக் குத்தி அளவு இடத்தில, மெல்லிய சாண்ட் பேப்பரைத் தண்ணியில நனைச்சு ஆறுதலாத் தேயுங்கோ. மேல நீலம், அதுக்குக் கீழ சிவப்பு, கீழ பச்சை எண்டு வளையம் வளையமா வரும். அடியில மங்கின ஒலிவ் பச்சை வந்தா நிப்பாட்டிப் படம் எடுங்கோ. பொனற்றின்ர பக்கத்தில இருபதில தொடங்கிற நீட்டு நம்பர் தெரிஞ்சா அது அமெரிக்கப் பட்டாள நம்பர். பிரிட்டிஷ் தரைப்படை எடுத்த ஜீப் எண்டா எம் எழுத்தில தொடங்கும், அவையள் லொறிக்கு எல், டாங்கிக்கு ரி, மோட்டச்சைக்கிளுக்கு சி எண்டு பிரிச்சு வைச்சிருந்தவை.

அப்பப்பான்ர பழைய வாகனப் பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ் துண்டு, ஜீப்புக்கு முன்னால நிண்டு எடுத்த கலியாணப் படம், எது இருந்தாலும் ஒரு பையில போட்டு வையுங்கோ. இடம்பெயர்வில எல்லாம் துலைஞ்சிருந்தா, வீட்டில வயசான ஆக்களிட்ட இப்பவே கேட்டு எழுதுங்கோ, ஆரிட்ட வாங்கினது, என்ன ஏத்தினது, எங்க ஒளிச்சு வைச்சது எண்டு.

கேள்வி: காணி துப்பரவாக்கேக்க மண்ணுக்குள்ள இருந்து தடிச்ச இரும்புத் தகடும் செயின் துண்டும் வந்தது. டாங்கிச் சாமான் போல கிடக்கு. கழுவி வைச்சிருக்கலாமோ? (வாசகர், புதுக்குடியிருப்பு)

வேண்டாம் ஐயா. தொடாதேங்கோ, கழுவாதேங்கோ, அந்த இடத்தில இன்னும் கிண்டாதேங்கோ. கவச வாகனம் அடிபட்ட இடத்தில வெடிக்காத குண்டும் கிடக்கும், செயின் துண்டுக்குப் பக்கத்திலயே கிடக்கும். தள்ளி நிண்டு ஒரு அடையாளம் வைச்சு, வந்த வழியாலயே திரும்பிப் போங்கோ, பிள்ளையளை அந்தப் பக்கம் விடாதேங்கோ, 119க்கு எடுத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கோ, இல்லாட்டி உங்கட பக்கம் கண்ணிவெடி எடுக்கிற ஆக்களிட்ட நேர சொல்லுங்கோ. பழைய இரும்புக்காரர் நல்ல விலை தாறம் எண்டு வருவினம், அவைக்கும் கிண்ட விடாதேங்கோ. எந்தச் சேகரிப்பும் ஒரு காலுக்கோ கைக்கோ ஈடில்லை.

கேள்வி: என்ர லாண்ட் றோவர் பொடி அலுமினியம், கறள் பிடிக்காது எண்டு சொல்லித்தான் வித்தவை. இப்ப போல்ட் அடிச்ச இடமெல்லாம் வெள்ளைத் தூளாக் கொட்டுது. ஏன்? இது எந்த வருசத்து வண்டியா இருக்கும்? (வாசகர், செட்டிகுளம்)

1948ல லாண்ட் றோவர் வரேக்க இங்கிலாந்தில இரும்புத் தகட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு, அதாலதான் பொடியை அலுமினியக் கலவையில செய்தவை. ஆனா சேசி, முன்சுவர், போல்ட் எல்லாம் இரும்பு. இரும்பும் அலுமினியமும் முட்டிக்கொண்டு இருக்க நடுவில ஈரம் பட்டா, பற்றறிக்குள்ள நடக்கிற வேலைதான் அங்கயும் நடக்கும், அதில அலுமினியம்தான் கரையும். அந்தக் கரைசல்தான் உங்கட வெள்ளைத் தூள். தூளைப் பிரஷ்ஷால தட்டி, நல்ல தண்ணியில கழுவிக் காயவிட்டு, ரெண்டு உலோகத்துக்கும் நடுவில ரப்பர் இல்லாட்டிப் பிளாஸ்டிக் வோஷர் வைச்சு, கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டுங்கோ.

நான் பயப்பிடுறது பொடிக்கு இல்லை, சேசிக்கு. அது பெட்டி மாதிரி மூடின சட்டம், உள்ளுக்க இருந்துதான் உக்கும், வெளிய பெயின்ற் அழகா இருக்கும். வயல் சேறு உள்ள போய்த் தண்ணி வடியிற ஓட்டையை அடைச்சுவிடும், செட்டிகுளம் பக்கம் வயலுக்குள்ள ஓடின வண்டி எண்டா கட்டாயம் இது இருக்கும். சின்னச் சுத்தியலால பின் குறுக்குச் சட்டத்தில இருந்து தட்டிக்கொண்டு வாங்கோ, கணீர் எண்டா நல்லது, பொத்துப் பொத்தெண்டு கேட்டா அங்க இரும்பு மிச்சமில்லை.

வருசம் பாக்கிறதுக்கு, மீற்றர் ட்ரைவருக்கு நேர முன்னால இருந்தா சீரிஸ் மூண்டு, 1971க்குப் பிறகு. டாஷ்போட்டின்ர நடுவில இருந்தா அதுக்கு முந்தினது. லைற் ரெண்டும் கிறிலோட ஒட்டி நடுவில இருந்தா அறுபதுகள் இல்லாட்டி அதுக்கும் முன்னம். வீல்பேஸையும், முன் சில்லின்ர நடுவில இருந்து பின் சில்லின்ர நடு மட்டும், அளந்து பாருங்கோ, 80 அங்குலம் வந்தா ஆக முதல் வந்த வண்டி, அப்பிடி எண்டா உடன எனக்கு எழுதுங்கோ.

கேள்வி: நான் படிக்கிற பிள்ளை. ஒண்டு கேக்கலாமோ, சண்டையை எல்லாரும் மறக்கப் பாக்கேக்க இந்த வண்டியளை ஏன் சேத்து வைக்கோணும்? (வாசகி, கிளிநொச்சி)

கேக்கலாம் தங்கச்சி, கேக்க வேண்டிய கேள்வி.

ஆனையிறவால போயிருப்பீங்கள். ஏ9 வீதியோரம் மேடையில ஒரு புல்டோசர் நிக்குது. 1991 ஜூலைச் சண்டையில புலிகள் தகடு அடிச்சுக் கவசமாக்கி முகாமுக்கு ஏவினது அது, அதை மறிச்சு இறந்த காமினி குலரத்ன எண்ட ராணுவ வீரனுக்கு அங்க நினைவிடம் கட்டியிருக்கினம். அங்க எழுதியிருக்கிறது கட்டின ஆக்களின்ர பக்கக் கதை. ஆனா வண்டியைப் பாத்தா, அது முதல் மண் தள்ளுற மெசின், மேல ஆரோ ஒரு வெல்டர் தகட்டை வெட்டி ஒட்டியிருக்கிறார் எண்டு விளங்கும். இரும்பு எல்லாக் கதையையும் வைச்சிருக்கும், எழுதிற ஆள்தான் ஒண்டைத் தெரிவு செய்யிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒண்டு இருக்கு. 2009 மேக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் எரிஞ்ச பஸ், லொறி, உழவு மெசின், மோட்டச்சைக்கிள் எண்டு குவிஞ்சு கிடந்தது எல்லாம் சனத்தின்ர சாமான். அதில கனக்கப் பழைய இரும்பாப் போட்டுது. அதுகளும் போர்க்கால வாகனங்கள்தான், பட்டாளத்தின்ர இல்லை எண்ட படியா ஒருத்தரும் சேகரிப்பு எண்டு நினைக்கேல்லை. காயக்காரரை ஏத்தின உழவு மெசின் பெட்டி ஒண்டு ஒரு வீட்டுக் கோடிக்குள்ள இண்டைக்கும் கிடந்தா, என்ர கண்ணுக்கு அது வில்லிஸ் ஜீப்பை விடப் பெறுமதி. அதை வாங்கோணும் எண்டில்லை. படம் எடுத்து, வீட்டுக்காரர் சொல்லுறதை அவையின்ர பேச்சிலயே எழுதி, எங்க ஏத்தி எங்க இறக்கினது எண்டு குறிச்சு வையுங்கோ. அவை சொல்ல விரும்பாட்டி விட்டுவிடுங்கோ, வற்புறுத்தக் கூடாது.

கேள்வி: கடற்கரையில இருந்து கால் மைல், கறள் நிக்குதே இல்லை. சின்னச் சின்னச் சாமான்களைச் சேதமில்லாமல் எப்பிடிக் கறள் எடுக்கிறது? (வாசகர், முல்லைத்தீவு)

உப்பு உள்ளுக்க இருக்கும் மட்டும் மேல என்ன பூசினாலும் கறள் திரும்ப வரும். அதால முதல் நல்ல தண்ணியில நாள் கணக்கா ஊறவிட்டு, தண்ணியை மாத்தி மாத்திக் கழுவுங்கோ.

பிறகு கரண்ட் முறை. பிளாஸ்டிக் பீப்பாயில தண்ணி, நாலைஞ்சு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வோஷிங் சோடா, பன்ரெண்டு வோல்ற் பற்றறி சார்ஜர். சார்ஜரின்ர நெகற்றிவ் வயர் உங்கட சாமானில, பொசிற்றிவ் வயர் ஒரு உதவாத இரும்புத் துண்டில, ரெண்டும் ஒண்டோட ஒண்டு முட்டக் கூடாது. மாறிக் குடுத்தா உங்கட சாமான்தான் கரையும். பொசிற்றிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே வேண்டாம், தண்ணி நஞ்சாகும். வெளிய திறந்த இடத்தில செய்யுங்கோ, வாற வாயு தீப்பிடிக்கும், பீடி சிகரெற் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. அலுமினியத்தை இதுக்குள்ள போடாதேங்கோ. ஸ்பிறிங்கும் வேண்டாம், உடையிற தன்மை வந்துவிடும். எடுத்த உடன காயவைச்சு எண்ணெய் பூசாட்டி உங்கட காத்துக்குப் பின்னேரமே சிவந்துவிடும்.

இன்னொரு விசயமும் கவனம். அந்தக்காலப் பட்டாள வாகனங்களில சில மீற்றர் முள்ளுக்கு இருட்டில மின்னுற ரேடியப் பெயின்ற் பூசியிருக்கு. மின்னுறது நிண்டாலும் கதிர்வீச்சு நிக்காது, ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும். கண்ணாடியைக் கழட்டாதேங்கோ, சுரண்டாதேங்கோ. பழைய பிரேக் லைனிங், கிளச் தட்டில அஸ்பெஸ்டஸ் இருக்கும், தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால துடையுங்கோ.

கேள்வி: பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில ஓடின ஜீப். திரும்ப ஸ்டார்ட் பண்ணலாமோ? (வாசகர், மல்லாவி)

உடன சாவியைத் திருப்பாதேங்கோ. அப்ப காபுரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டுப் பத்தவைச்சு, சூடாகின பிறகு மண்ணெண்ணெயில ஓட்டினது எல்லாருக்கும் தெரியும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கியிருக்கும், ஒயில் தண்ணியாப் போயிருக்கும், பெயறிங் தேஞ்சிருக்கும். ஒயிலை முழுக்க வடிச்சு, அடியில ஒயில் நிக்கிற சம்பைக் கழட்டிக் கழுவி, பிளக் எல்லாம் கழட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் கொஞ்ச ஒயில் விட்டு ரெண்டு நாள் வையுங்கோ. பிறகு கையால மெல்லச் சுத்திப் பாருங்கோ. சுத்தாட்டிப் பலவந்தம் பண்ணாமல் இன்னும் ஒயில் விட்டுப் பொறுங்கோ, சுத்தினா புது ஒயில் மாத்தி, டாங்கைக் கழுவி, அதுக்குப் பிறகு பற்றறி குடுங்கோ.