பயிற்சிக்கூடத்தை மாற்றும் முன் ராடு ஓவனைப் போய்ப் பாருங்கள்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதம் கிடைத்தது. வெல்டிங் பழகும் மகன் 6013 வகை ராடில் (உருகி இணைப்பை நிரப்பும் பூச்சுக் கம்பி) அழகாக ஓட்டியதும், 7018 வகைக்கு மாற்றிய பிறகு தடுமாறுவதும், தகுதித் தேர்வில் வெல்டை வளைத்துப் பார்க்கும் பென்ட் டெஸ்ட் போய்விட்டதும், ‘இந்த வேலை அவனுக்கு ஒத்துவராது’ என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதும் புரிகிறது. கூட அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பீடு, அதாவது உருகி இறுகிய வெல்டு வரி, முழுக்க நன்றாகவே இருக்கிறது. ஒரு ராடு தீர்ந்து அடுத்த ராடைத் தொடங்கிய இடத்தில் மட்டும் குண்டூசியால் குத்தியதுபோல் நாலைந்து துளைகள். வளைத்தபோது திறந்துகொண்டதும் அதே இடம்தான். சரி, அப்படியென்றால் இது கை வராத பையனின் வேலை கிடையாது. ராடை மாற்றிய பிறகும் பழைய ராடின் பழக்கத்தை விடாத பையனின் வேலை. ஒன்றிரண்டு வாரத்தில் திருத்திவிடலாம்.

இந்த 7018-ஐ ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வெல்டின் பலம், சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை. அடுத்த 1, எல்லா நிலையிலும் ஓட்டலாம் என்பது. கடைசி 8, கம்பியின் மேலுள்ள பூச்சான கோட்டிங் எந்த வகை என்பது: இரும்புத்தூள் சேர்த்த லோ ஹைட்ரஜன் கோட்டிங். சுண்ணாம்புக்கல், ஃப்ளோர்ஸ்பார் தாது போன்றவற்றை வைத்துச் செய்கிறார்கள். ஈரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஆலையில் அதிகச் சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள்.

ஈரத்தின் மேல் ஏன் இத்தனை பயம்? ராடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறியான ஆர்க்கின் சூட்டில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனாகி உருகிய உலோகத்துக்குள் போய்விடும். வெல்டு ஆறும்போது முழுவதும் வெளியே வர முடியாது. தடிமனான பிளேட்டிலும் பலமான எஃகிலும், வெல்டை ஒட்டிய பகுதி வேகமாக ஆறி இறுகியிருக்கும். அந்த இறுக்கம், அங்கே தங்கிய ஹைட்ரஜன், ஆறிச் சுருங்கும் இழுப்பு, மூன்றும் சேர்ந்தால் விரிசல். இதில் மோசமான விஷயம், விரிசல் உடனே விழாது. சில மணி நேரம் கழித்து, சமயத்தில் ஓரிரு நாள் கழித்தும் விழும். அதனால்தான் சில உயர்பல எஃகுகளில் வெல்டு ஆறி 48 மணி நேரம் ஆன பிறகே கடைசிப் பரிசோதனை என்று விதியே இருக்கிறது. மாலையில் பளபளவென்று இருந்த பீடு மறுநாள் உள்ளே பிளந்து கிடக்கும். பாலம், கப்பல், பாய்லர், கட்டடச் சட்டகம் போன்ற வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், பீடு எவ்வளவு அழகு என்பதோடு ராடை எப்படி வைத்திருந்தாய் என்றும் கேட்பது இதனால்தான்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி: பயிற்சிக்கூடத்தை மாற்றலாமா? என்னைக் கேட்டால், முதலில் ஒரு நாள் நேரில் போய், ராடில் ஈரம் ஏறாமல் சூடாக வைக்கும் ராடு ஓவன் எங்கே என்று கேளுங்கள். கட்டடம், வண்ணப் பிரசுரம், சுவரில் மாட்டிய சான்றிதழ்கள் எல்லாவற்றையும்விட அந்த ஓவன் அதிகம் சொல்லும். நான் ஒருமுறை ஒரு பயிற்சிக்கூடத்தில் ஓவன் கதவைத் திறக்கச் சொன்னேன். உள்ளே 7018-ம், 6010 என்ற வேறு வகை ராடும் ஒரே தட்டில் கிடந்தன. தொட்டால் ஓவன் சில்லென்று இருந்தது, பிளக்கே செருகவில்லை. 6010 செல்லுலோஸ் கோட்டிங். அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், ஓவனில் வைத்தால் கெட்டுப்போகும். 7018-க்கு ஈரம் ஆகாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்திருந்த இடத்தில் மாணவர்களுக்கு எது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முறை என்னவென்று தெரிந்தால்தான் கேட்க வசதி. அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் டி1.1 விதித்தொகுப்பைப் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அதன்படி, சீல் பிரித்த 7018-ஐக் குறைந்தது 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பாக்கெட்டில் எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது ஈரத்தைத் தாங்கும் கோட்டிங், 9 மணி நேரம் வரை போகலாம். ‘எச்4’ என்று இருந்தால் 100 கிராம் வெல்டு உலோகத்தில் 4 மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் இருக்காது என்று பொருள். எச்8, எச்16 என்றால் அதற்கேற்பக் கூடும். நேரம் தாண்டிய ராடை 260 முதல் 430 டிகிரிக்குள் 2 மணி நேரம் மறுபடி சுட வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். தண்ணீரில் நனைந்த ராடுக்கு எந்த வைத்தியமும் இல்லை, குப்பைக்குத்தான். 120 டிகிரி ஓவன் ஈரம் ஏறாமல் காக்கும். ஏறிய ஈரத்தை எடுக்க அதற்குச் சூடு போதாது. இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். பயிற்றுநர் தடுமாறாமல் சொன்னால் பையனை அங்கேயே விடுங்கள்.

மகனிடம் சொல்ல வேண்டியது இது. பயன்படுத்திய ராடின் முனையை அவன் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கட்டும். நடுவிலுள்ள கம்பி உள்ளே போயிருக்கும், சுற்றிலும் கோட்டிங் கிண்ணம்போல் நிற்கும், அதன் வாயைக் கண்ணாடிபோல் ஸ்லாக், அதாவது கோட்டிங் உருகி இறுகிய கசடு, மூடியிருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆர்க் பிடிக்கவில்லை என்று பிளேட்டில் ஓங்கித் தட்டினால் ஓரத்துக் கோட்டிங் உதிரும். பிறகு ஆர்க் பிடித்தாலும் முதல் சில மில்லிமீட்டருக்குக் காற்றைத் தடுக்கக் கவசம் இருக்காது. அங்கேதான் துளைகள் வரும். முனையை ஓர் அரத்தில் லேசாகத் தேய்த்தால் போதும். அப்புறம், பழைய பீடு முடிந்த பள்ளத்திலேயே ஆர்க் பிடிக்காமல், ஓட்டப்போகும் வழியில் ஒரு சென்டிமீட்டர் முன்னால் பிடித்து, பள்ளத்துக்குப் பின்னோக்கி வந்து, அது நிறைந்ததும் முன்னால் போக வேண்டும். ஆர்க் பிடித்த இடமும் அப்படியே மறுபடி உருகிவிடும். தொடும் இடம் வெல்டு நிரப்பப்போகும் காடிக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே பிளேட்டில் பட்ட ஆர்க் தழும்பையும் பரிசோதகர் குறையாகத்தான் எழுதுவார்.

இன்னொன்று, ஆர்க் நீளம். ராடு பிளேட்டைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். 6010-இல் செய்வதுபோல் முன்னும் பின்னும் உதறினால் 7018 மன்னிக்காது. நிமிர்நிலையில் கீழிருந்து மேலே. டி.சி. (நேர்மின்னோட்ட) மெஷினில் ராடு பாசிட்டிவில். 3.2 மி.மீ. ராடு பெரும்பாலும் 100 முதல் 140 ஆம்பியருக்குள் ஓடும், சரியான அளவு பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காத மாணவர்கள்தான் அதிகம்!

தேர்வைப் பொறுத்தவரை, தோற்றவருக்கு டி1.1-இல் இரண்டு வழி. உடனே மறுதேர்வு என்றால், தோற்ற ஒவ்வொரு வகைக்கும் இரண்டு வெல்டு போட்டு இரண்டுமே தேற வேண்டும். கூடுதல் பயிற்சி எடுத்துவிட்டு வந்தால் வழக்கமான தேர்வு. உங்கள் மகனுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவசரத்தில் இரட்டைச் சுமை எதற்கு? தேறிய பிறகும், 6 மாதத்துக்கு மேல் அந்த முறையில் வேலை செய்யாவிட்டால் தகுதி காலாவதியாகும் என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும்.

ரோபோ வந்தால் வேலை போய்விடாதா என்ற உங்கள் பயத்தில் பாதி நியாயம் உண்டு. கூரைக்குள் ஒரே மாதிரி உருப்படிகளைச் செய்யும் ஆலைகளில் ராடு வெல்டிங் ஏற்கெனவே குறைந்துவிட்டது. காற்றடிக்கும் வெளியிடத்திலும் பழுது பார்ப்பதிலும் இன்னும் ராடுதான். அதனால் 7018 கைவந்ததும் கம்பி ஊட்டும் மெஷின் வெல்டிங்கையும் கற்கட்டும். பிறகு பரிசோதகர் பக்கம் போகும் வழியும் இருக்கிறது. ராடின் நேரத்தைக் குறித்து வைத்தே பழகியவனுக்கு அந்தப் படிப்பு சுலபம்.

புகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2017-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பயந்து விலக வேண்டாம், ஆனால் விளையாட்டாகவும் எடுக்க வேண்டாம். ஓவனைப் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு மேடையிலும் புகை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள். பீடின் மேல் தலையைக் கவிழ்த்துப் புகைக்குள் முகத்தை வைக்கும் பழக்கம் மகனுக்கு இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

நேரில் போய் வந்ததும் எழுதுங்கள். முடிந்தால் அரத்தில் தேய்த்த ராடு முனையையும், அதை வைத்துத் தொடங்கிய பீடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மகனையே அனுப்பச் சொல்லுங்கள்.