கேளுங்கள், சொல்கிறேன்: குட்டி ரட்லண்ட்

கேள்வி: இங்கிலாந்திலேயே சின்ன கவுண்டி, அதாவது மாவட்டம், ரட்லண்ட் என்கிறேன் நான். லண்டன் சிட்டிதான் என்று அடித்துப் பேசுகிறான் மகன். யார் சொல்வது சரி?

பதில்: இன்றைய கணக்குப்படி மகன் ஜெயித்துவிட்டான். லண்டன் சிட்டி என்பது மொத்த லண்டன் அல்ல, அதன் நடுவிலுள்ள பழைய பகுதி மட்டும்; 3 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கும் கவுண்டி அந்தஸ்து உண்டு. ஆனால் பழங்காலந்தொட்டு இருந்துவரும் கவுண்டிகளை மட்டும் வரிசையாக நிறுத்தினால் கடைசி ஆள் ரட்லண்ட்தான். பரப்பு 382 சதுர கிலோமீட்டர். ஜனம் சுமார் 41,000. டவுன் என்று சொல்ல ஓக்கம், அப்பிங்கம் என இரண்டே இரண்டு. வைட் தீவும் கிட்டத்தட்ட இதே அளவு என்பதால், கடல் நீர்மட்டம் ஏறும் ஓத நேரத்தில் மட்டும் அந்தத் தீவு ரட்லண்டைவிடச் சின்னதாகிவிடும் என்று அங்கே கிண்டலடிப்பார்கள்.

கேள்வி: அவ்வளவு சின்னதைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டால் செலவு மிச்சம்தானே?

பதில்: சேர்த்தும் பார்த்தார்களே! 1974 ஏப்ரல் 1 அன்று லெஸ்டர்ஷயரோடு இணைத்தார்கள். தேதியைக் கவனியுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது கடைசிவரை ஒட்டவில்லை. 1997இல், அதுவும் ஏப்ரல் 1 அன்றே, தனிக் கவுன்சில் திரும்பக் கிடைத்தது. செலவுக் கணக்கில் நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கலாம். நான் ரட்லண்ட் பக்கம்.

கேள்வி: ஓக்கம் கோட்டைச் சுவர் முழுக்கக் குதிரை லாடமாமே?

பதில்: கோட்டை என்று நம்பிப் போனால் ஏமாந்துபோவீர்கள். மிஞ்சியிருப்பது, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வால்கலின் டி ஃபெரர்ஸ் கட்டிய மண்டபம் ஒன்றுதான். ஆனால் உள்ளே தலையைத் தூக்கினால் எந்தப் பக்கமும் லாடம், 200க்கும் மேல்! ராஜாவோ பிரபுவோ, முதல் தடவை ஊருக்குள் கால் வைத்தால் ஒரு லாடம் கொடுத்தாக வேண்டும். முக்கால்வாசி எந்தக் குதிரைக்கும் பொருந்தாத ராட்சத அளவு; உச்சியில் கிரீடம், நடுவில் பெயர். இருப்பதிலேயே பழையது, பக்கத்தில் ஒரு கலகத்தை அடக்கிய கையோடு நான்காம் எட்வர்ட் 1470 வாக்கில் கொடுத்தது என்கிறார்கள். இரண்டாம் எலிசபெத்தும் தப்பவில்லை, 1967இல் கொடுத்தார். பொதுவாக, அதிர்ஷ்டம் சிந்திவிடாமலிருக்க லாடத்தின் வாய் மேலே பார்க்கும்படி மாட்டுவார்கள். ஓக்கமில் தலைகீழ். வாய் மேலே இருந்தால் அந்த வளைவில் சாத்தான் வந்து உட்கார்ந்துகொள்வானாம்!

கேள்வி: வரைபடத்தில் நடுவில் பெரிய ஏரி தெரிகிறதே, இயற்கையானதா?

பதில்: இல்லை. 1970களில் எம்பிங்கம் அருகே குவாஷ் ஆற்றில் அணை கட்டி உண்டாக்கிய ரட்லண்ட் வாட்டர். குவாஷ் சின்ன ஆறு, அதை நம்பி இவ்வளவு பெரிய ஏரி நிரம்பாது. வெல்லண்ட், நீன் ஆறுகளிலிருந்து பம்ப் செய்கிறார்கள். நெதர் ஹேம்பிள்டன் என்ற கிராமம் தண்ணீருக்குள் போய்விட்டது. மேட்டிலிருந்த அப்பர் ஹேம்பிள்டன் தப்பித்தது. நார்மன்டன் தேவாலயத்தையும் இடிப்பதாகத்தான் இருந்தது. எதிர்ப்பு கிளம்பவே, கட்டடத்தின் கீழ்ப்பாதியைக் கல்லைக் கொட்டி நிரப்பி, ஜன்னல்களுக்குச் சற்றுக் கீழே புதுத் தளம் போட்டு, கரையிலிருந்து ஒரு பாதையும் அமைத்தார்கள். இப்போது அங்கே கல்யாணம் நடக்கிறது.

அப்புறம் 2021இல், ஏரியை ஒட்டிய ஒரு குட்டையில் நீரை வடித்தபோது சேற்றில் குழாய் மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. பார்த்தால் முதுகெலும்பு! 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இக்தியோசர் என்ற ஊர்வன விலங்கு, சுமார் 10 மீட்டர் நீளம். கடலே இல்லாத கவுண்டியில் கடல் விலங்கு.

கேள்வி: ரட்லண்டில் பிறந்த பிரபலம் யாராவது உண்டா?

பதில்: ஜெஃப்ரி ஹட்சன். 1619இல் ஓக்கமில் பிறந்தவர். ஏழு வயதில் உயரம் ஒன்றரை அடி. முதலாம் சார்லஸ் மன்னருக்கு வைத்த விருந்தில், பெரிய ‘பை’ (pie) என்ற பலகாரத்துக்குள் அவரை ஒளித்துவைத்து வெளியே வரச் செய்தார்கள். ராணி ஹென்ரியட்டா மரியா அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1644இல் பிரான்சில், தன்னைக் கேலி செய்தவரைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றார் ஹட்சன். ராணியின் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு கடற்கொள்ளையரிடம் மாட்டி வட ஆப்பிரிக்காவில் வருஷக்கணக்கில் அடிமை. ஒருவழியாக மீண்டு இங்கிலாந்து திரும்பியபோது உயரம் மூன்றே முக்கால் அடி. பட்ட கஷ்டத்தில்தான் வளர்ந்தேன் என்று அவரே சொன்னாராம்.